மூச்சுக்கு நேர்ந்துகொண்ட பாத்திரம்

சீதோன் நகரத்துக் கண்ணாடிக்காரத் தெருவில் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஒரு கண்ணாடிச் செம்பு கிடைக்கவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் அரிஷாத்தின் பாடு அப்படித்தான் ஆகியிருந்தது. புருஷன் அப்தமோன் கண்ணாடி ஊதுகிறவன். கொழுந்தன் மத்தான் அச்சு செய்கிறவன். ஒரே வீடு, ஒரே உலை, ஒரே சட்டியில் பருப்பு. குளிர்காலம் முடிந்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பேசாவிட்டால் போகிறது, வீடாவது அமைதியாக இருக்கும் என்று விட்டுவிடலாம். ஆனால் அச்சில் ஊதுகிற வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஊதுகிறவன் இரும்புக் குழலின் நுனியில் பழுத்த கண்ணாடியைச் சுற்றி எடுத்து, லேசாக ஊதி, உப்பிய குமிழை அச்சுக்குள் இறக்குவான். அச்சுக்காரன் தரையில் குந்திக்கொண்டு மண் அச்சின் மூன்று துண்டுகளையும் அதைச் சுற்றி மூடிப் பிடிக்க வேண்டும். அப்புறம் ஒரே ஊது. கண்ணாடி மண்ணின் மூலைமுடுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும், உடனே திறந்துவிட வேண்டும். முந்தினால் குமிழ் நசுங்கும். பிந்தினால் கண்ணாடி ஆறிப்போய், அச்சில் செதுக்கின கொடியும் பதியாது, திராட்சைக் குலையும் பதியாது. முன்பெல்லாம் மத்தான் அண்ணனுடைய கன்னம் உப்புகிற அழகைப் பார்த்தே மூடுவான், திறப்பான். இப்போது அந்தக் கன்னத்தைப் பார்ப்பதே பாவம் என்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சொன்னாத்தானே அண்ணி மூட முடியும்? நான் என்ன குறி சொல்றவனா? அவரை வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க."

"குழல் வாயில இருக்கறப்ப எப்படிடீ சொல்றது? வயித்தாலயா பேசுவேன்? அவன்கிட்ட கேளு."

இரண்டு பேரும் இரண்டு எட்டு தூரத்தில்தான் இருந்தார்கள். இருந்தாலும் எல்லாம் அரிஷாத் வழியாகத்தான் போய்வர வேண்டும். அதனால் சமையலையும் துணியையும் போட்டுவிட்டு, உலை வாய்க்கு முன்னால் முகம் வெந்துபோக நின்றுகொண்டு, புருஷன் கன்னத்தைப் பார்த்து "மூடு" என்றும் "திற" என்றும் கத்துவது அவள் வேலையாயிற்று. அவள் பார்த்து, அவள் வாயைத் திறந்து, அது மத்தான் காதில் விழுந்து, அவன் கை அசைவதற்குள் கண்ணாடி ஆறிவிடும். கோணல் கழுத்தும் மொட்டை இலையுமாக வந்த பாத்திரங்களை உடைத்து மறுபடி உருக்குவதற்காக மூலையில் கொட்டினார்கள். உலைக்கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் சில்லு குவிந்து கிடந்தது.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பு வரும். அந்த வருஷம் தெருவில் ஒரு புது மோஸ்தர் வந்திருந்தது. செம்பின் வயிற்றில் கொடிகளுக்கு நடுவே சின்னக் கட்டம் போட்டு, அதில் 'இன்னான் செய்தான்' என்று பேர் போடுவது. பேர் போட்ட செம்புதான் கப்பலேறுகிறது என்றார்கள். மத்தான் ஒரு அருமையான அச்சு செதுக்கி, கட்டத்துக்குள் 'மத்தான் செய்தான்' என்று வெட்டிவிட்டான். அப்தமோன் அதைப் பார்த்தான்.

"செஞ்சது நீயா? ஊதுறது யாரு மூச்சுடா? என் மூச்சு இல்லாட்டி உன் அச்சு வெறும் மண்ணாங்கட்டி."

"என் அச்சு இல்லாட்டி உன் மூச்சு வெறும் காத்து. போய்க் கடற்கரையில நின்னு ஊது, பேர் வைக்கிறாங்களான்னு பாப்போம்."

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. மறுநாள் அப்தமோன் அந்தக் கட்டத்தில் ஈரமண்ணை வைத்துப் பூசிவிட்டான். மத்தான் அதைச் சுரண்டி எடுத்தான். இவன் பூச, அவன் சுரண்ட, நல்ல அச்சு ஒன்று பெரியம்மை கண்ட முகமாகிவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் அரிஷாத் இரண்டு பேருக்கும் ஒரு வேளை சோற்றை நிறுத்தி வழிக்குக் கொண்டுவந்திருப்பாள். இப்போது அவளுக்கு அவகாசம் இல்லை. குளிர்காலத்தில் அப்தமோனுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்று ஆகிவிட்டது. உலையை ஒரே மூச்சில் அதட்டுகிற மனுஷன் ஒரு அகல்விளக்கை ஊதி அணைக்க முடியாமல் சுவரில் சாய்ந்து கிடந்தான். அன்றைக்கு அவள் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் இருக்கும் எஷ்மூன் கோயிலுக்கு ஓடினாள். நோய் தீர்க்கிற சாமி அது. "அவர் மூச்சைத் திருப்பிக் குடு சாமி. திரும்பி வந்த மூச்சாலயே ஒரு பாத்திரம் ஊதச் சொல்லி, வசந்த விழா முடியறதுக்குள்ள உன் காலடியில கொண்டுவந்து வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சைத்தான் மனுஷன் தம்பியோடு சண்டை போடச் செலவழித்துக்கொண்டிருந்தான்.

விழா நாளையோடு முடிகிறது. நாலைந்து நாளாக அப்தமோன் மறுபடி இருமத் தொடங்கியிருந்தான். அவன் அதைப் புகை என்றான். உலைக்காரனுக்குப் புகை புதுசா? கொடுத்ததை எஷ்மூன் திருப்பிக் கேட்கிறார் என்பதில் அரிஷாத்துக்குச் சந்தேகமே இல்லை.

"ஏங்க, அச்சே வேணாம். சும்மா ஒரு சின்னக் குப்பி ஊதிக் குடுங்க. அதுக்கு உங்க தம்பி எதுக்கு?" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"எஷ்மூனுக்கு மொட்டைக் குப்பியா? இந்தத் தெருவுல நேத்து குழல் பிடிச்சவன்கூட அதை ஊதுவான். என் மானத்தை வாங்கணும்னே பேசுறியா?"

"மானம் போனா வரும். மூச்சு போனா?"

"கொடி வேணும், குலை வேணும், என் பேர் வேணும். இல்லாட்டி ஊதமாட்டேன்."

எதிர்வீட்டுக்காரன் ஷில்லேக், அவனும் கண்ணாடிக்காரன்தான். அவன் பெண்டாட்டி கிணற்றடியில் எல்லாப் பெண்களும் கேட்கும்படி, "ஏன்டியம்மா அரிஷாத், எங்க வீட்டுல பேர் போட்ட செம்பு நாலு சும்மா கிடக்கு. ஒண்ணு எடுத்துட்டுப் போயேன். சாமிக்கு என்ன தெரியவா போகுது?" என்றாள். அரிஷாத்துக்குக் கையிலிருந்த குடத்தை அவள் தலையிலேயே கவிழ்க்கலாமா என்று வந்தது. வேண்டிக்கொண்டது புருஷன் மூச்சை. அதை எதிர்வீட்டில் இரவல் வாங்க முடியுமா?

அன்று நண்பகல் வரைக்கும் ஊதினார்கள். மூடு, திற, மூடு, திற என்று கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டியது. கடைசியில் ஒரு செம்பு, எப்படியோ, தேனைப்போல் நிறத்தோடு முழுசாக வந்துவிட்டது. கழுத்து நேர். கைப்பிடி ஒட்டினதும் நின்றது. மறுகணமே அப்தமோன் அதை உலையின் மேலிருக்கும் ஆறவைக்கிற மாடத்துக்குள் தள்ளி, வாசலை ஓட்டுத்துண்டும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டான். தணல் தானாக அடங்க அடங்க, கண்ணாடியும் மெல்ல மெல்ல ஆற வேண்டும். மறுநாள் நண்பகலுக்கு முன்னால் காற்றுப் பட்டால் தீர்ந்தது. இந்தத் தெருவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

அவசரத்தில் செம்பின் வயிற்றில் எந்தப் பேர் பதிந்திருக்கிறது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

அன்று காலையில் அப்தமோன் கட்டத்தில் மண் பூசி, தன் பேரை எழுதியிருந்தான். அவனுக்குப் பிறகு மத்தான் போய் ஏதோ சுரண்டியிருந்தான். மறுபடி அப்தமோன் போனானா, மத்தான் போனானா என்பது அவர்களுக்கே குழப்பம். ராச்சோறு தின்னும்போது இரண்டு பேர் கண்ணும் மாடத்தின் மேலேயே இருந்தது.

"அதைப் பாக்காதீங்க. ரொட்டியைப் பாருங்க" என்றாள் அரிஷாத்.

விடிந்ததும் சாமிக்கு எடுத்துப்போக எண்ணெய் வாங்கச் சந்தைக்குப் போனாள். போகும்போது வாசலில் நின்று, "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன். நான் வர்றவரைக்கும் அந்த மாடத்துக்கிட்ட ஒருத்தரும் போகக் கூடாது" என்று எச்சரித்தாள். அவர்கள் தலையாட்டினார்கள். மாடு தலையாட்டினாலாவது நம்பலாம்.

திரும்பி வந்து முற்றத்தில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சத்தம் என்று சொல்லவும் முடியாது. யாரோ நகத்தால் ஒரு சுண்டு சுண்டினதுபோல், 'டிங்'. கண்ணாடிக்காரன் பெண்டாட்டிக்கு அதற்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை.

உள்ளே மாடத்து வாசலின் ஓட்டுத்துண்டு தரையில் கிடந்தது. கடற்காற்று ஜன்னல் வழியாக நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அப்தமோன், அந்தப் பக்கம் மத்தான், இரண்டு தலையும் மாடத்துக்குள். செம்பு கழுத்திலிருந்து அடிவரைக்கும் பிளந்திருந்தது. பிளவு பேர்க் கட்டத்தின் நடுவிலேயே ஓடியது. கட்டத்துக்குள் ஒரு எழுத்தும் இல்லை. பூசிப் பூசிச் சுரண்டிச் சுரண்டி, வெறும் சொரசொரப்பு.

அரிஷாத் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். கீழே போட்டு உடைத்தால் அதுவும் நஷ்டம் என்கிற அளவுக்கு அவளுக்குப் புத்தி மிச்சமிருந்தது.

"அவன்தான் ஓட்டை எடுத்தான்னு சொல்லு" என்றான் அப்தமோன்.

"அவர் மண்ணைப் பேத்ததைப் பாத்துட்டுத்தான் நான் ஓட்டை எடுத்தேன்னு சொல்லுங்க அண்ணி" என்றான் மத்தான்.

"யாருகிட்டடா சொல்லணும்? சுவத்துகிட்டயா?" அவள் குரல் தெருவுக்கே கேட்டது. "இருபது வருசமா உலையில வெந்தவங்களாடா நீங்க? ஒரு பொழுது பொறுக்க முடியல! சின்னப் பிள்ளைகூடத் திறக்காது. பேரு, பேரு, பேரு! இந்தாளு அங்க சுவத்துல சாஞ்சு மீனு மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாரே, அப்ப எங்கடா போச்சு உங்க பேரு? ராத்திரி பூரா அவர் மூக்குல விரலை வச்சுப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். காத்து வருதா, காத்து வருதான்னு. நீயும்தானே மத்தான் பக்கத்துல உக்காந்து அழுத? ஊதறதுக்குன்னு நான் சாமிகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்த மூச்சு அது. அதுல எனக்குன்னு ஒரே ஒரு பாத்திரம் கேட்டேன். ஒண்ணு! அதுக்கு வக்கில்லை, ரெண்டு பேருக்கும் பேரு ஒரு கேடு!"

அப்தமோன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. நிற்காமல் வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு இருமினான். மத்தான் ஒரு அடி எடுத்து வைத்தான், நின்றான், திரும்பித் துருத்திக்குப் போய் உட்கார்ந்தான்.

அரிஷாத் உலைக்குள் விறகையும் காய்ந்த ஒலிவக்கொட்டைப் பிண்ணாக்கையும் அள்ளி எறிந்தாள். மத்தான் துருத்தியை மிதித்தான். அடங்கிக்கொண்டிருந்த உலை மெல்ல முறைத்துக்கொண்டு எழுந்தது. வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான் சட்டியில் கண்ணாடி பழுத்தது. அவள் குழலை எடுத்துப் புருஷன் கையில் திணித்தாள்.

"ஊதுங்க."

"அச்சு?"

"அச்சும் இல்ல, மண்ணும் இல்ல. ஊதுங்க."

"மொட்டையா..."

"ஊதப் போறீங்களா, இல்ல இந்தக் குழலாலயே ஒண்ணு போடவா?"

அப்தமோன் ஊதினான். ஒரு மடக்கு ஊதி, இருமலுக்காக நிறுத்தி, மறுபடி ஊதினான். உள்ளங்கைக்குள் அடங்குகிற குப்பி, ஒரு பக்கம் சற்றே சாய்ந்து, வயிறு கொஞ்சம் தொங்கலாக வந்தது. கன்றுக்குட்டி முதல்முறை எழுந்து நிற்பதுபோல் இருந்தது. இதை மாடத்தில் வைத்து ஆறவைக்க நேரமில்லை. பொழுது சாய்ந்தால் கோயிலில் காணிக்கை வாங்கமாட்டார்கள். அரிஷாத் ஒரு மண்சட்டி நிறையச் சுடுசாம்பலை வாரி, அதன் நடுவில் குப்பியைப் புதைத்து, மேலேயும் சாம்பலைக் கொட்டி மூடினாள். சும்மாடு கூட்டிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நடந்து போறதுக்குள்ள ஆறினா ஆறட்டும். வெடிச்சா என் தலைமேலயே வெடிக்கட்டும்" என்று படியிறங்கினாள்.

எதிர்வீட்டுக்காரி, "என்னடி, கோயிலுக்குச் சாம்பலா கொண்டுபோற?" என்று கேட்டாள். அரிஷாத் நிற்காமல் நடந்தாள்.

ஆற்றங்கரைப் பாதையில் தோட்டமெல்லாம் மாதுளை பூத்திருந்தது. விழாவுக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் எதிரே வந்தது. அவள் முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் அப்தமோன் மேல்மூச்சு வாங்க வந்தான். அவனுக்கு நாலு முழம் தள்ளி மத்தான் வந்தான். சேர்ந்து வருகிறார்கள் என்றும் சொல்ல முடியாது, தனித்தனியாக வருகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. சட்டியின் சூடு சும்மாட்டைத் தாண்டி அவள் உச்சியில் இறங்கியது. காதை மட்டும் தீட்டிக்கொண்டு நடந்தாள். தலைமேல் எந்த நொடியும் அந்த 'டிங்' கேட்டுவிடும் என்று பயந்து, ஒரு கல் தடுக்கினால்கூட எஷ்மூனைக் கூப்பிட்டாள்.

கோயில் மேட்டில் காணிக்கை வாங்குகிறவன் கதவைச் சாத்தத் தயாராக நின்றான். பின்னால் மாடத்தில் வெண்கலக் கிண்ணங்களும், பளபளவென்று பேர் போட்ட செம்புகளும் வரிசையாக இருந்தன. அரிஷாத் அவன் காலருகே சட்டியை இறக்கி, மண்டியிட்டு, சாம்பலுக்குள் விரல்களை விட்டாள். மேலே வெதுவெதுப்பு. உள்ளே இன்னும் கொஞ்சம் சூடு. விரலில் வழவழப்புத் தட்டியது. சுற்றித் தடவினாள். வெடிப்பு ஏதும் விரலுக்குத் தெரியவில்லை. வெளியே எடுத்து முந்தானையால் துடைத்துச் சாயங்கால வெளிச்சத்தில் பிடித்தாள். கோணல் குப்பி முழுசாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, வந்ததை மறைக்கவும் இல்லை.

அவன் வாங்கிக் குலுக்கிப் பார்த்தான். "உள்ள என்னம்மா? தைலமா?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. எண்ணெய் உலைக்கூடத்துத் தரையிலேயே கிடக்கிறது.

"ஒண்ணுமில்லைங்க. வெறும் குப்பிதான்."

"வெறும் பாத்திரத்தைச் சாமி முன்னாடி வைக்கிறதில்லையே. முறை இல்லம்மா. ஏதாவது நிரப்பிக் கொண்டா."

"நிரப்பியா?" சீ, இந்த உலகத்தில் ஒரு ஆண்பிள்ளையாவது ஒரு காரியத்தை நேராக முடிக்கவிடுவானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெறும் பாத்திரமாய்யா இது? இந்தாளு குளிர்ல சாகக் கிடந்தாரு. உங்க சாமிதான் மூச்சைத் திருப்பிக் குடுத்தாரு. அந்த மூச்சால ஊதினது இது. இதுக்குள்ள இருக்கறது அவர் மூச்சு. இதுக்குமேல என்னத்தைய்யா நிரப்பறது?"

அவன் குப்பியைத் திருப்பி, வாயைப் பார்த்தான். கெட்டவன் இல்லை, ஆனால் முறை பார்க்கிறவன். "வாய் திறந்துல்ல இருக்கு. வர்ற வழியிலேயே மூச்சு போயிருக்குமேம்மா" என்றான்.

அரிஷாத் எட்டிக் குப்பியின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

அப்தமோன் முன்னால் வந்தான். கோயில்காரன் கையிலிருந்து குப்பியை வாங்கினான். மத்தான் எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று தெரியவில்லை, அண்ணனுக்கு எதிரே குந்தியிருந்தான். இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு கிள்ளு ஈரமண்ணை எடுத்து உருட்டினான். அச்சுக்காரன் இடுப்பில் மண் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டான். அப்தமோன் குனிந்து, குப்பியின் வாயில் உதட்டை வைத்து, மெல்ல ஊதினான். நீளமாக, நிதானமாக, ஒரு இருமல்கூட இல்லாமல் ஊதினான். மத்தானின் கண் அண்ணனுடைய கன்னத்தைவிட்டு அசையவில்லை.

'மூடு' என்று சொல்ல அரிஷாத் வாயைத் திறந்தாள். உதடு விலகிய இடத்தில் மத்தானின் கட்டைவிரல் ஏற்கெனவே மண்ணை வைத்து அழுத்தியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் அழுத்துடா" என்றான் அப்தமோன்.

"எனக்குத் தெரியும். நீ ஊதுற வேலையோட நில்லு."

"என்னத்தத் தெரியும்? இந்தப் பக்கம் கசியுது பாரு."

"எங்க கசியுது? கண்ணைத் துடைச்சுட்டுப் பாரு."

இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கோயில்காரன் குப்பிக்காகக் கையை நீட்டியபடி நின்றான். அரிஷாத் இரண்டு தலைக்கும் நடுவில் கையை விட்டுக் குப்பியைப் பிடுங்கி அவனிடம் கொடுத்தாள்.

"முதல்ல இதை உள்ள வைங்கய்யா" என்றாள். "இவங்க இனிமே நிறுத்தமாட்டாங்க."